விடை எழுதப்படாத போத்தல்

ஒரு பொருளில் எது எவ்வளவு இருக்கிறது என்று அளந்து காணும் அளவறி பகுப்பாய்வைப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் முறை பற்றி என் மனதில் நெடுநாளாக ஒரு கருத்து அமைதியில்லாமல் இருந்து வருகிறது. செய்முறை வகுப்பில் மாணவருக்குக் கொடுக்கப்படும் மாதிரியின் செறிவு ஏற்கெனவே ஒருவருக்குத் தெரிந்திருக்கும். ஆய்வுகூட உத்தியோகத்தர் அதைத் தயாரித்து, பெறுமானத்தை ஒரு கொப்பியில் எழுதி மூடி வைத்திருப்பார். மாணவரின் விடை அந்தப் பெறுமானத்துக்கு எவ்வளவு அண்மையில் வருகிறதோ அவ்வளவுக்குப் புள்ளி கிடைக்கும். இது உலகின் பல பல்கலைக்கழகங்களில் உள்ள வழக்கம். கைத்திறனை அளப்பதற்கு இதைவிட இலகுவான வழி இருப்பதாகவும் தெரியவில்லை. ஆயினும் இந்த ஏற்பாட்டுக்குள் மட்டுமே வளர்ந்து பட்டம் பெறும் ஒருவர், அளத்தல் என்பது எங்கோ எழுதி வைக்கப்பட்டிருக்கும் ஓர் எண்ணைத் தேடிப் பிடிப்பது என்று நம்பத் தொடங்கிவிடுகிறார். நாம் குடிக்கும் கிணற்று நீருக்கு அப்படி எவரும் எழுதி வைத்த எண் கிடையாது. கிணற்றை நம்பி வாழும் யாழ்ப்பாணத்தில் இந்தப் பாடத்தைக் கற்றவள் என்ற வகையில், இந்த வேறுபாடு சிறிய விடயம் என்று என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

முதலில், இந்தப் பயிற்சி தரும் நன்மையைச் சொல்லிவிட வேண்டும். உயர்தர வகுப்பில் நியமிப்பு (செறிவு தெரிந்த கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து இன்னொன்றின் செறிவைக் காண்பது) செய்து பழகியவர்களுக்குக்கூட, பல்கலைக்கழகத்தின் முதல் அளவறி வகுப்பு வேறொரு ஒழுக்கத்தின் வாசலாகவே இருக்கும். சோடியம் ஐதரொட்சைட்டை எவ்வளவு கவனமாக நிறுத்தாலும் அதன் செறிவை நம்பக்கூடாது, ஏனெனில் நிறுத்துக்கொண்டிருக்கும்போதே அது காற்றிலுள்ள நீராவியையும் காபனீரொட்சைட்டையும் உறிஞ்சிக்கொள்கிறது என்று அங்கேதான் கற்கிறோம். அதனால் மூலர்த் திணிவு 204.22 உடைய பொற்றாசியம் ஐதரசன் தலேற்றை அடுப்பில் உலர்த்தி, டெசிக்கேற்றரில் ஆறவிட்டு, நான்காம் தசமதானம் வரை நிறுத்து, அதைக் கொண்டு சோடியம் ஐதரொட்சைட்டை நியமிக்கிறோம். ஒரு கரைசலின் மேல் வைக்கும் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிச் சென்று கேட்கும் பழக்கம் அப்படித்தான் உருவாகிறது. கரைசலைத் துளியாக விடும் அளவுக் குழாயான 50 மில்லிலீற்றர் பியூரெற் ஒன்று மிக உயர்ந்த தரத்தில் இருந்தாலும் அதன் ஏற்கத்தக்க வழு 0.05 மில்லிலீற்றர் என்பதும், ஒரு துளியின் கனவளவும் ஏறத்தாழ அதுவே என்பதும் தெரிந்த பிறகு, கண்ணாடிச் சுவரில் தொங்கும் அரைத் துளியைக் காய்ச்சி வடித்த நீரால் கழுவி உள்ளே விடும் கை தானாகவே நிதானம் கொள்கிறது. எரியோக்குரோம் பிளாக் ரீ என்னும் நிறக்காட்டி சேர்த்த கரைசல் திராட்சை ரசச் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறும்போது, சிவப்பின் கடைசிச் சாயை போகும் அந்தத் துளியை அடையாளம் காண்பதற்குப் பல வாரங்கள் வேண்டும். அந்தப் பல வாரங்களை நான் இன்றும் மதிக்கிறேன். 2022 இல் மின்வெட்டு நீண்டு சென்ற நாட்களில், நிக்கல் டைமெதில்கிளையொக்சைம் வீழ்படிவை மாறாத திணிவு வரும்வரை உலர்த்துவதற்கு அடுப்பு தொடர்ந்து எரியாமல், மின்சாரம் வரும் நேரத்துக்காக ஆய்வுகூடத்தில் காத்திருந்தவர்களின் பொறுமையும் அந்த ஒழுக்கத்தின் பகுதிதான்.

என் கேள்வி அந்த ஒழுக்கம் பற்றியது அல்ல. அந்த ஒழுக்கத்தைப் புள்ளியாக மாற்றும்போது அதற்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றியது.

பியூரெற் வாசிப்புகள் 17.60, 17.65, 17.70, 17.95 என்று நான்கு கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். செய்முறைக் கொப்பிகளைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு 17.95 இன் கதி தெரிந்திருக்கும். அது பெரும்பாலும் கொப்பிக்குள் வருவதே இல்லை. வந்தாலும் ஒரு கோட்டால் வெட்டப்பட்டிருக்கும். ஆனால் இதே பாடத்தின் விரிவுரையில், விலகி நிற்கும் ஒரு வாசிப்பை நீக்கலாமா என்று தீர்மானிப்பதற்கு 1951 இல் டீனும் டிக்சனும் முன்வைத்த கியூ சோதனையையும் நாம் படிக்கிறோம். சந்தேகத்துக்குரிய பெறுமானத்துக்கும் அதன் அயல் பெறுமானத்துக்கும் இடையிலான இடைவெளி 0.25; முழு வீச்சு 0.35, விகிதம் 0.71. நான்கு வாசிப்புகளுக்கு 90 சதவீத நம்பிக்கை மட்டத்தில் வேண்டிய எல்லை 0.76. ஆகவே 17.95 ஐ நீக்குவதற்கு நமக்கு உரிமை இல்லை. 17.70 ஐ எடுத்துவிட்டு மூன்று வாசிப்புகள் மட்டுமே இருந்தாலும் விகிதம் 0.86 தான் வரும், எல்லையோ 0.94. மாணவர் எவரும் தயங்காமல் தூக்கி எறியும் அந்த வாசிப்பை, அவர் பரீட்சையில் எழுதும் அதே சூத்திரம் வைத்திருக்கச் சொல்கிறது. வைத்திருந்தால் சராசரி 17.65 இலிருந்து 17.73 க்குப் போகும், சிதறலைக் காட்டும் நியம விலகல் மூன்று மடங்குக்கு மேல் பெருகும், ஒருவேளை புள்ளி குறையும். விரிவுரை மண்டபத்தில் ஒரு நேர்மையும் ஆய்வுகூடத்தில் இன்னொரு நேர்மையும் என்று இரண்டு நடைமுறைகள் இப்படித்தான் அருகருகே வாழ்கின்றன. மாணவர்களின் ஒழுக்கக் குறைவு என்று இதை விளக்கிவிடுவது நியாயமல்ல. மூடிய கொப்பியில் ஓர் எண் இருக்கிறது என்று தெரிந்த எந்த மனிதரின் கையும் அந்த எண்ணை நோக்கித்தான் சாயும்.

அந்தச் சாய்வின் விலை என்ன என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பிரித்தானியப் பௌதிகவியலாளர் ரேலிப் பிரபுவின் நைதரசன் நினைவுக்கு வரும். காற்றிலிருந்து ஒட்சிசனை நீக்கிப் பெற்ற நைதரசனை ஒரு கண்ணாடிக் கோளத்தில் நிரப்பி அவர் நிறுத்தபோது ஏறத்தாழ 2.310 கிராம் வந்தது. சேர்வைகளிலிருந்து பெற்ற நைதரசனை அதே கோளத்தில் அதே நிலைமைகளில் நிறுத்தபோது ஏறத்தாழ 2.299 கிராம் வந்தது. வேறுபாடு அரை சதவீதம் மட்டுமே. நமது வகுப்புகளில் அரை சதவீத வழு என்றால் முழுப் புள்ளியும் கிடைத்துவிடும். இரண்டுக்கும் சராசரி எடுத்து எழுதினால் எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ரேலி சராசரி எடுக்கவில்லை. ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் வாசிப்புகளின் சிதறல் அந்த வேறுபாட்டைவிட மிகவும் சிறியது என்பதை அவர் பார்த்தார். 1892 இல், வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்காக மட்டுமே தெரிந்த கட்டத்திலேயே, ‘நேச்சர்’ சஞ்சிகையில் அதைப் பகிரங்கமாக எழுதி, காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டார். 1894 இல் ராம்சேயுடன் சேர்ந்து ஆகன் என்னும் மூலகத்தை அவர் அறிவித்தது அந்த அரை சதவீதத்திலிருந்துதான். 1904 இல் ரேலிக்குப் பௌதிகவியலிலும் ராம்சேக்கு இரசாயனவியலிலும் நோபல் பரிசு கிடைத்தது. பரிசைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது 1892 இல் எழுதப்பட்ட அந்தக் கடிதம். தன் எண்கள் தமக்குள் ஒத்துப்போகவில்லை என்று வெளிப்படையாகச் சொல்வதற்கு வேண்டிய துணிவை, நமது மூன்று மணிநேர வகுப்பு எந்த இடத்தில் கற்றுத் தருகிறது?

ஒரு கிணறு, இரண்டு எண்கள்

எனக்கு அது கற்றுத் தரப்பட்டது ஒரே ஒரு வகுப்பில். மூன்றாம் வருடத்தில், வழமையான மாதிரிக் கரைசல்களுக்குப் பதிலாக, எமது விரிவுரையாளர் இணுவில் பக்கத்துக் கிணறு ஒன்றிலிருந்து நீர் கொண்டுவந்திருந்தார். அ, ஆ என்று இரண்டு போத்தல்கள் மேசையில் இருந்தன. இரண்டும் ஒரே கிணற்று நீர் என்று மட்டும் சொன்னார். வகுப்பின் ஒரு பாதி ஒன்றையும் மறுபாதி மற்றதையும் எடுத்து மொத்த வன்மையை, அதாவது நீரில் கரைந்திருக்கும் கல்சியம், மகனீசியத்தின் அளவை, நியமிக்க வேண்டும். முறை எல்லோருக்கும் தெரிந்தது: 50 மில்லிலீற்றர் நீர், பீ.எச். 10 இல் வைத்திருப்பதற்கு அமோனியாத் தாங்கற் கரைசல், காட்டி, அந்த உலோகங்களைப் பிணைத்துக்கொள்ளும் 0.0100 மூலர் ஈ.டி.ரீ.ஏ. வன்னீரை அந்தப் பீ.எச். இல் அதிக நேரம் வைத்திருந்தால் கல்சியம் காபனேற்றாகவே படியத் தொடங்கிவிடும் என்பதால், தாங்கற் கரைசல் விட்ட பிறகு ஐந்து நிமிடங்களுக்குள் முடித்துவிட வேண்டும் என்று அவர் நினைவூட்டினார். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஆ போத்தலை எடுத்த குழுக்களுக்கு 17.60 மில்லிலீற்றர் அளவில் முடிவுப் புள்ளி வந்தது. கல்சியம் காபனேற்றாகக் கணித்தால் லீற்றருக்கு 352 மில்லிகிராம். அ போத்தலை எடுத்தவர்களுக்கு 16.55 அளவில் வந்தது, அதாவது 331. இந்தக் கணிப்பில் ஒரு துளி என்பது ஒரு மில்லிகிராம். ஒவ்வொரு பாதிக்குள்ளும் குழுக்கள் இரண்டு, மூன்று மில்லிகிராமுக்குள் ஒத்துப்போயின. இரு பாதிகளுக்கும் இடையில் இருபத்தொரு மில்லிகிராம் நின்றது. வழமைபோல் கறுப்பு மேசையின் இரு பக்கத்திலும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. ஈ.டி.ரீ.ஏ. கரைசல் பிழை என்றார்கள். அதைத் தூய கல்சியம் காபனேற்றைக் கொண்டு மீண்டும் நியமித்தபோது செறிவு மாறவில்லை. கண் பிழை என்றார்கள். ஆட்களை மாற்றி அமர்த்தியபோது எண்கள் ஆட்களுடன் போகவில்லை, போத்தல்களுடனேயே நின்றன. கடைசியில் ஒருவர் விரிவுரையாளரிடம் போய், “சேர், சரியான விடை எது?” என்று கேட்டார்.

“எனக்கும் தெரியாது, தம்பி,” என்றார் அவர். “நான் தயாரிச்ச தண்ணி இல்லையே.”

அந்தப் பதிலுக்குப் பிறகு வகுப்பில் ஏற்பட்ட மாற்றத்தை நான் மறக்கவில்லை. அதுவரை எல்லோரும் ஒரு தீர்ப்புக்காகக் காத்திருந்தோம். தீர்ப்புச் சொல்ல எவரும் இல்லை என்று தெரிந்ததும், முதல் தடவையாக நீரைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். எப்போது எடுத்த நீர், எங்கே வைத்திருந்தது, போத்தல் எவ்வளவு நிறைந்திருந்தது என்று கேள்விகள் வந்தன. கேட்ட பிறகுதான் சொன்னார்: ஆ போத்தல் அன்று காலையில் விளிம்பு வரை நிரப்பியது, அ போத்தல் வெள்ளிக்கிழமை பின்னேரம் பாதியளவு நிரப்பி, வார இறுதி முழுவதும் யன்னலோரத்தில் வைத்திருந்தது. “அந்தப் போத்தலை வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாரும், பிள்ளை,” என்று என்னிடம் நீட்டினார். நீர்மட்டத்தை ஒட்டியும் அதற்குக் கீழே சுவரிலும் மிக மெல்லிய வெண்படலம் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் அந்த வெண்படலம் புதியதல்ல. கேத்தலின் அடியில் படிந்திருப்பது அதுதான். மயோசீன் காலச் சுண்ணக்கல்லினூடாக இறங்கும் மழைநீர், மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டின் துணையுடன் கல்லைக் கரைத்து, கல்சியத்தை இருகாபனேற்றாக ஏந்திக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. நிலத்தடியில் இருக்கும்வரை அந்த வாயு கரைந்திருக்கும். மேலே வந்து காற்றைக் கண்டதும் அது வெளியேறுகிறது, கல்சியம் காபனேற்றாகப் படிகிறது. கேத்தலில் வெப்பம் சில நிமிடங்களில் செய்வதை, பாதி வெறுமையான போத்தலில் யன்னலோரச் சூடு மூன்று நாட்களில் செய்திருந்தது. இதையெல்லாம் நாம் உயர்தரத்திலேயே சமன்பாடாக எழுதியவர்கள். ஆனால் அந்தச் சமன்பாடு எமது மாதிரிப் போத்தலுக்குள்ளும் நடக்கும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

அவர் அத்துடன் நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை அதே முறையில் நிரப்பி, எவரும் தொடாமல் வைத்திருந்த மூன்றாவது போத்தல் ஒன்றை அலுமாரிக்குள்ளிருந்து எடுத்தார். எமது மேசையில் இருந்த அ போத்தலை இதற்குப் பயன்படுத்தக்கூடாது என்றும், ஏன் கூடாது என்று சொல்லுங்கள் என்றும் கேட்டார். அதிலிருந்து நாம் நியமிப்புக்காக நீரை எடுத்துவிட்டோம், ஆனால் சுவரிலுள்ள படிவு முழு நீருக்கும் உரியது, அதை இப்போது கரைத்தால் மீதி நீருக்குள் முழு நீரின் கல்சியமும் சேர்ந்து எண் மிகையாக வரும் என்ற விடை வர சிறிது நேரம் எடுத்தது. மூன்றாவது போத்தலுக்குள் சிறிதளவு செறிந்த ஐதரோகுளோரிக் அமிலம் விட்டுக் குலுக்கி, படலம் மறைந்த பிறகு 50 மில்லிலீற்றர் எடுத்து, அமிலத்தை நடுநிலையாக்கித் தாங்கற் கரைசல் சேர்த்து நியமித்தோம். 351 வந்தது.

ஒருவருடைய நியமிப்பும் பிழையாக இருக்கவில்லை. 331 ஓர் உண்மையான எண். அது அந்தப் போத்தலின் நீரில் கரைந்திருந்ததைப் பற்றிய உண்மை. கிணற்றைப் பற்றிய உண்மையாக அது இல்லாமற் போனதற்குக் காரணம், பியூரெற்றைத் தொடுவதற்கு மூன்று நாட்களுக்கு முன்னர் நடந்தது. இதற்குப் பரிகாரமும் பழையதுதான்: வன்மைக்கான மாதிரியை உடனே பகுப்பாய்வு செய்ய முடியாவிட்டால், எடுத்த இடத்திலேயே நைத்திரிக் அமிலம் விட்டுப் பீ.எச். ஐ 2 க்குக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும். கையேட்டில் ஒரு வரியாக அது இருந்தது. அந்த வரிக்கு ஒரு கனம் உண்டு என்பதை அந்த வகுப்புக்குப் பிறகே உணர்ந்தோம்.

அன்று அவர் கேட்ட கடைசிக் கேள்வியும் என்னுடன் இருக்கிறது. இலங்கைக் குடிநீர் நியமம் மொத்த வன்மைக்கு 250 மில்லிகிராம் என்ற எல்லையை வைத்திருக்கிறது. 331 ஆனாலும் 352 ஆனாலும் கிணற்றுக்காரருக்குச் சொல்லப்போகும் செய்தி ஒன்றே. அப்படியானால் இந்த இருபத்தொரு மில்லிகிராமுக்காக ஏன் இவ்வளவு நேரம் செலவழித்தோம்? கிணறு எல்லைக்கு மிக அருகில், 240 இல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஓர் எண் எவ்வளவு நல்லதாக இருக்க வேண்டும் என்பதை அந்த எண்ணைக் கொண்டு எடுக்கப்போகும் முடிவுதான் தீர்மானிக்கிறது என்பதை, புள்ளித் திட்டம் ஒன்றிலிருந்து எவரும் கற்க முடியாது.

துளிக்கு முன்னால் உள்ளவை

அந்த வகுப்புக்குப் பிறகு, நாம் எவ்வளவு கவனத்தை எங்கே செலவிடுகிறோம் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினேன். மாதிரி எடுப்பதால் வரும் நியம விலகல் 6 மில்லிகிராம் என்றும் பகுப்பாய்வால் வருவது 2 மில்லிகிராம் என்றும் கொண்டால், இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்கும்போது 6.3 வரும். நாம் ஒரு வருடம் முழுவதும் பயின்று பகுப்பாய்வு வழுவை முற்றாகவே ஒழித்துவிட்டாலும் அது 6 க்குக் கீழே போகாது. பகுப்பாய்வு வழு மாதிரி வழுவின் மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டால் அதை மேலும் குறைப்பதில் பயனில்லை என்று யூடன் என்னும் அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் சொன்னதன் பொருள் இதுதான். ஆனால் எமது பாடத்திட்டத்தின் நேரம் ஏறத்தாழ முழுவதும் அந்த மூன்றில் ஒரு பங்குக்கே போகிறது. ஆய்வுகூடத்தில் கிடைக்கும் மாதிரி ஏற்கெனவே ஒரே சீரான கரைசல். அதைக் குலுக்கினால் போதும். யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீர், ஆழம் செல்லச் செல்ல உவர்நீர். அங்கே குளோரைட்டை மோர் முறையில், பொற்றாசியம் குரோமேற்றின் செங்கல் நிறத்துக்காகக் காத்திருந்து, துளி பிசகாமல் நியமித்துவிட்டு, வாளி எந்த ஆழம் வரை போனது என்று எழுதாமல் விட்டால், அந்த எண் எதைப் பற்றியது? குடாநாட்டின் நன்னீர் கடல்நீருக்கு மேல் மிதந்து நிற்கும் ஒரு வில்லை. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே நாற்பது மீற்றர் வரை அது இருக்கும் என்பது பழைய கணக்கு. மேலே ஓர் அடி இறைத்தால் கீழே நாற்பது அடி உவர் எழுந்து வரும் என்பது அதன் மறுபக்கம். ஆகவே மோட்டர் எவ்வளவு நேரம் ஓடிய பிறகு எடுத்த நீர் என்பதும் விடையின் ஒரு பகுதியாகிறது.

சுன்னாகத்து நீர்ப் பிரச்சினை 2014, 2015 காலத்தில் பெரிதாக எழுந்தபோது, இந்தப் பாடம் ஆய்வுகூடச் சுவருக்கு வெளியே எவ்வளவு தேவைப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கிணறுகளில் எண்ணெய் கலந்திருக்கிறதா என்ற கேள்விக்கு, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பதில்கள் வந்தன. மக்கள் கோபமடைந்தார்கள், யார் பக்கம் உண்மை என்று பிரிந்து நின்றார்கள். 2019 இல் உயர் நீதிமன்றம் சுன்னாகத்து அனல்மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் நியாயங்களை எழுதுவது என் நோக்கமல்ல. ‘எண்ணெயும் கிரீசும்’ என்று அறிக்கைகளில் வரும் அந்த ஒற்றை வரி எப்படி அளக்கப்படுகிறது என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

அகன்ற வாயுள்ள கண்ணாடிப் போத்தலில் நீரை எடுக்க வேண்டும். பிளாஸ்ரிக் சுவரில் எண்ணெய் ஒட்டி மறைந்துவிடும். மற்றப் பெரும்பாலான சோதனைகளுக்குப் போத்தலை அதே நீரால் முதலில் அலசச் சொல்கிறோம். இதற்கு அலசவே கூடாது, அலசும் நீர் போன பிறகும் அதன் எண்ணெய் சுவரில் நின்று எண்ணைக் கூட்டிவிடும். அமிலம் விட்டுப் பீ.எச். ஐ 2 க்குக் கீழே இறக்க வேண்டும். போத்தலிலிருந்து ஒரு பகுதியைப் பிப்பெற்றால் எடுக்க முடியாது; முழுப் போத்தலையும் பயன்படுத்தி, பிறகு போத்தலையும் கரைப்பானால் கழுவிச் சேர்க்க வேண்டும். எக்சேன் கொண்டு பிரித்தெடுத்து, எக்சேனை ஆவியாக்கி, மிஞ்சுவதை நிறுக்க வேண்டும். மிஞ்சுவது எதுவோ அதுவே எண்ணெயும் கிரீசும். எக்சேனில் கரையும் தாவரக் கொழுப்பும் அதற்குள் வரும். ஆவியாக்கும்போது எக்சேனுடன் சேர்ந்து போய்விடும் பென்சீன் போன்ற இலகு ஐதரோகாபன்கள் அதற்குள் வராது. எண்ணெய் நீரின் மேல் மிதப்பதால் மேலே எடுத்த போத்தலும் கீழே எடுத்த போத்தலும் ஒன்றாக இரா. இவ்வளவும் ஓர் எண்ணுக்குப் பின்னால் நிற்கும்போது, இரண்டு அறிக்கைகள் வேறுபட்டதும் ஒன்று பொய் என்று முடிவு செய்வது அவசரம். முதலில் கேட்க வேண்டியது, எப்படி எடுத்தீர்கள், எந்த முறையில் அளந்தீர்கள் என்பதே. அந்தக் கேள்வியைப் பகிரங்கமாகக் கேட்பதற்கு, இந்தப் பாடத்தைக் கற்றவர்கள் குடாநாடெங்கும் ஆசிரியர்களாகவும் உத்தியோகத்தர்களாகவும் இருக்கிறார்கள். அவர்களில் பலரும் கற்றது, ஒரு போத்தலுக்கு ஒரே விடை என்றுதான்.

நைத்திரேற்று விடயத்திலும் இதே கதையைக் காண்கிறேன். வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் விளையும் செம்மண் பகுதிகளில், உரத்தின் நைத்திரேற்று கிணறுகளுக்கு இறங்குவது 1980 களிலிருந்தே ஆராயப்பட்டு வருகிறது. உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு எல்லை நைத்திரேற்றாக லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதையே நைதரசனாக எழுதினால் 11 தான் வரும், ஏனெனில் 62 ஐ 14 ஆல் வகுத்தால் 4.43. ஒரு நாள் அயல்வீட்டு மாமி இரண்டு கடதாசிகளைக் கொண்டுவந்து, “பிள்ளை, ஒண்டில நாப்பத்தஞ்சு எண்டு கிடக்கு, மற்றதில பத்து எண்டு கிடக்கு. தண்ணி திருந்திட்டுதோ?” என்று கேட்டார். ஒன்று நைத்திரேற்றாக, மற்றது நைத்திரேற்று நைதரசனாக எழுதப்பட்டிருந்தது. 45 ஐ 4.43 ஆல் வகுத்தால் 10.2. நீர் திருந்தவும் இல்லை, கெடவும் இல்லை. இரண்டும் எல்லைக்கு மிக அருகில் நிற்கின்றன என்பதும், அளவீட்டின் நிச்சயமின்மை எழுதப்படாததால் எல்லைக்கு உள்ளே என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதும்தான் அவருக்கு நான் சொல்லக்கூடியதாக இருந்தது. அவருடைய மகள் வீட்டில் கைக்குழந்தை இருந்தபடியால், பால்மா கரைக்க வேறு நீரை எடுக்கும்படியும் கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும் என்றும் சொல்லி அனுப்பினேன்.

என்ன செய்யலாம்

மூடிய கொப்பியை முற்றாக ஒழித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதல் வருடத்தில் கை பழகுவதற்கு அது வேண்டும். தெரிந்த பெறுமானத்துடன் ஒப்பிடாமல் தன் கையின் வழுவை எவரும் அறிய முடியாது. தொழில்முறை ஆய்வுகூடங்களும் சான்றளிக்கப்பட்ட நியமப் பொருட்களைக் கொண்டு தம்மைத் தாமே சோதித்துக்கொள்கின்றன. ஆனால் மூன்றாம் வருடத்திலிருந்தாவது மாணவருக்குக் கொடுக்கப்படும் மாதிரி, விடை எவருக்கும் தெரியாததாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். யாழ்ப்பாணத்தில் அதற்கு எந்தச் செலவும் இல்லை. கிணறு இல்லாத வளவு அரிது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கிணற்றை ஒப்படைத்து, புரட்டாதியில் மாரி மழைக்கு முன்னும் தையில் மழை ஓய்ந்த பின்னும் அவரே போய் மாதிரி எடுத்து வரச் செய்யலாம். எடுத்த ஆழம், நேரம், கடைசியாக மழை பெய்த நாள், மோட்டர் ஓடிய நேரம், போத்தலின் வகை, விட்ட அமிலம் எல்லாம் ஒரு தாளில் எழுதப்பட வேண்டும். ஒரே கிணற்றில் இரட்டை மாதிரி எடுத்து, இரண்டையும் இரண்டு தடவை பகுப்பாய்வு செய்தால், மாதிரி வழுவையும் பகுப்பாய்வு வழுவையும் பிரித்துக் காண்பதற்கான தரவு கையில் வந்துவிடும். சிதறலை அதன் மூலங்களுக்கிடையே பிரித்துக் காட்டும், விரிவுரையில் வெறும் சூத்திரமாக நிற்கும் மாறற்றிறன் பகுப்பாய்வுக்கு அதைவிட நல்ல தரவு வேறெங்கும் தேடத் தேவையில்லை.

புள்ளியை எதற்குக் கொடுப்பது என்ற கேள்வி வரும். வாசிப்புகள் எல்லாம் மையில், வெட்டாமல், கிடைத்த ஒழுங்கில் எழுதப்பட்டிருந்தால் அதற்கு ஒரு பங்கு. ஒத்துப்போகாத வாசிப்பை வைத்திருந்ததற்கு அல்லது நீக்கியதற்குக் காரணம் காட்டியிருந்தால் அதற்கு இன்னொரு பங்கு. நிச்சயமின்மையை மிகைப்படுத்தாமலும் குறைக்காமலும் கணித்ததற்குப் பெரும்பங்கு. இரண்டு மாணவர்களின் எண்கள் வேறுபடும்போது இருவரும் சேர்ந்து காரணத்தைத் தேடியிருந்தால், அந்தத் தேடலுக்குத்தான் நான் அதிகம் கொடுப்பேன். வருடாவருடம் அதே கிணறுகளுக்கு அடுத்த வகுப்பு போகும்போது, குடாநாட்டின் நீர் பற்றிய ஒரு தொடர்ச்சியான பதிவும் சேர்ந்துவிடும். அந்தப் பதிவின் ஒரு பிரதி கிணற்றுக்காரருக்கும் போக வேண்டும். அதில் மாதிரி எடுத்த நாளும், எந்தச் சேர்வையாக எழுதப்பட்டது என்பதும், எண்ணுக்குப் பக்கத்தில் அதன் நிச்சயமின்மையும் தமிழில் இருக்க வேண்டும்.